பசியிலும் காத்த விதைகள்

மாஸ்கோவில் 1887-இல் பிறந்த நிக்கோலாய் வவிலோவ், பயிர்களின் பன்மையைத் தேடி ஐந்து கண்டங்களில் பயணித்த தாவரவியல் அறிஞர். 1927-இல் எத்தியோப்பிய மலைநாட்டில் பார்லி வகைகள் மலிந்திருக்கக் கண்டார். பன்மை மிகுந்த இடமே பயிரின் பிறப்பிடம் எனக் கருதி, பார்லியின் தாயகங்களுள் ஒன்றாக அந்நாட்டைக் குறித்தார். பிற்கால ஆய்வுகள் மேற்காசியாவையே முதன்மைத் தாயகமாக நிறுவின. ஆயினும் அம்மலைநாட்டு விதைகளின் மதிப்பு குறையவில்லை. பயிரை மஞ்சளாக்கிக் குட்டையாக்கும் வைரஸ் நோயைத் தாங்கும் மரபணு, பின்னாளில் எத்தியோப்பிய பார்லியிலிருந்தே கிடைத்தது.

சேர்த்த விதைகளை வவிலோவ் பூட்டிவைக்கவில்லை. லெனின்கிராடு நிறுவனத்தின் பண்ணைகளில், வெவ்வேறு தட்பவெப்பங்களில் விதைத்து, வேறுபாடுகளை ஒப்பிட்டுப் பதியச் செய்தார். ஸ்டாலின் ஆட்சியின் ஆதரவு பெற்ற லைசென்கோவின் போலி அறிவியலை எதிர்த்தது அவருக்கு வினையாயிற்று. 1940-இல் கைதானவர், 1943-இல் சராத்தோவ் சிறையில் பட்டினியால் நலிந்து மாண்டார். அதே போர்க்காலத்தில், முற்றுகைக்குள்ளான லெனின்கிராடில் அவருடைய சக ஆய்வாளர்கள் சிலர், தாம் காத்த தானியத்தைத் தொடாமலே பசியால் இறந்தனர்.

உலக விதை வங்கிகளில் இன்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பார்லி மாதிரிகள் உள்ளன. ஒரே வகை பல எண்களில் பதிவாகியிருக்கிறது. பலவற்றின் இயல்போ இன்னும் அறியப்படவில்லை. மரபணுவைப் படிக்கும் செலவு குறைந்துவிட்ட இக்காலத்தில், விதைகளைச் சேமிப்பதற்கு இணையாக அவற்றை மதிப்பிடுவதற்கும் அரசுகள் நிதி ஒதுக்க வேண்டும். எந்த விதையில் எந்தத் திறன் உறங்குகிறது என்றறியாத கிடங்கு, புதிய நோயோ வறட்சியோ தாக்கும்போது உழவருக்குக் கைகொடுக்காது.