‘எங்க மதம்தான் மெய்யான மதம்’ என்று சில கிறிஸ்தவர்கள் நம்புவது ஏன்? தமிழ் கற்ற சீகன்பால்குவின் வாழ்க்கை சொல்லும் பதில்

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் ஏறினால், எண்ணூர் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகர், அடுத்து அத்திப்பட்டு. ‘சிட்டிசன்’ படத்தில் காணாமல் போகும் அத்திப்பட்டி இல்லை இது. வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிற, ஷிப்ட் முடிந்து ஆட்கள் கூட்டமாக ரயில் ஏறுகிற நிஜ ஊர்.

இந்த ரயிலில் அடிக்கடி போகிறவர்களுக்கு ஒரு காட்சி பழக்கம். யாராவது ஒருவர் சின்னதாக ஒரு கைப்பிரதியை நீட்டுவார். இயேசு ஒருவரே வழி என்று அதில் இருக்கும். வாங்குகிறவர் சிரித்துக்கொண்டே, எல்லா சாமியும் ஒண்ணுதானேங்க என்பார். கொடுத்தவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். அதோடு பேச்சு நின்றுவிடும். சில சமயம் சண்டையாகவும் மாறும்.

அப்படி அவர் ஏன் ஒப்புக்கொள்வதில்லை? வெறும் பிடிவாதமா, இல்லை அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறதா?

இந்தக் கேள்வி நம்ம கடற்கரைக்குப் புதிதில்லை. அத்திப்பட்டில் இருந்து வடக்கே பொன்னேரி வழியாகப் போனால் வரும் பழவேற்காட்டில், 1630-களிலேயே ஆபிரகாம் ரோஜேரியஸ் என்ற டச்சு பாதிரியார் ஒரு பிராமணரிடம் உட்கார்ந்து இந்து வழிபாடுகளைப் பற்றிக் கேட்டுக் கேட்டு எழுதினார். அவர் இறந்த பிறகு 1651-ல் அது புத்தகமாக வந்தது. ஆனால் இந்தக் கேள்வியைத் தமிழர்களிடம் நேருக்கு நேர் வைத்து, அவர்கள் சொன்ன பதிலையும் எழுதி வாங்கியவர் இன்னொருவர். அதே கடற்கரையில் தெற்கே, தரங்கம்பாடியில் வாழ்ந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு.

யார் இந்த சீகன்பால்கு?

1682-ல் ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிறு நகரத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். உடம்பும் அவ்வளவு திடமில்லை. ஹாலே நகரில் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற இறையியல் பேராசிரியரிடம் படித்தார். சர்ச்சுக்குப் போவது மட்டும் போதாது, ஒவ்வொருவரும் உள்ளுக்குள் மனம் மாற வேண்டும் என்பது பிராங்கே வழியினரின் கொள்கை.

அப்போது தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. 1620-ல் தஞ்சை நாயக்க மன்னரிடம் ஒப்பந்தம் போட்டு வாங்கிய துறைமுகம் அது. அங்கே மதப் பணிக்கு ஆள் அனுப்ப டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் விரும்பினார். சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் கப்பல் ஏறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குவுக்கு வயது ஏறத்தாழ 24.

வரவேற்பு? கிட்டத்தட்ட இல்லை. டேனிஷ் கம்பெனியின் ஆளுநர் ஹாசியஸுக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. வியாபாரம் செய்யும் இடத்தில் மதப் பேச்சு எடுத்தால் உள்ளூர் மக்கள் கோபப்படுவார்கள், வணிகம் கெடும் என்பது கம்பெனியின் பயம். அந்தப் பயம் ஒரு பக்கம் நியாயமானதுதான்.

இதில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்கணும். ஆளுநரும் கிறிஸ்தவர், பாதிரியாரும் கிறிஸ்தவர். ஒரே வேதம், ஒரே சபை. ஆனால் ஆளுநருக்கு மதம் என்பது ஞாயிற்றுக்கிழமை விஷயம். சீகன்பால்குவுக்கோ அது எதிரே வருகிற ஒவ்வொருவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அந்தக் கணக்கு என்ன?

சீகன்பால்கு போன்றவர்கள் நம்புவது இதுதான். மனிதர் எல்லோரும் பாவத்தில் சிக்கியிருக்கிறார்கள். நல்லது செய்து, விரதம் இருந்து, படித்து அதிலிருந்து சொந்த முயற்சியால் வெளியே வர முடியாது. அதனால் கடவுளே மனிதனாகப் பிறந்து, சிலுவையில் இறந்து, அந்தக் கடனைத் தீர்த்தார். அது ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரே ஒரு முறை நடந்தது.

இங்கேதான் முடிச்சு இருக்கு. மதம் என்பதைக் கடவுளை அடையும் பாதை என்று பார்த்தால் பாதைகள் பல இருக்கலாம், ஒரு மலைக்குப் பல படிக்கட்டுகள் மாதிரி. ஆனால் மனிதன் மலை ஏறவே முடியாது, மேலே இருப்பவர்தான் இறங்கி வந்தார், அதுவும் ஒரே முறை வந்தார் என்று நம்புகிறவருக்குப் பல பாதை என்ற பேச்சே பொருந்தாது. எல்லா வழியும் சரி என்று அவர் ஒப்புக்கொண்டால், அந்தச் சிலுவை மரணம் எதற்கு என்ற கேள்வி வந்துவிடும். யோவான் நற்செய்தி 14-ஆம் அதிகாரமும், அப்போஸ்தலர் நடபடிகள் 4-ஆம் அதிகாரமும் இந்த நம்பிக்கைக்கு அவர்கள் காட்டும் முக்கிய ஆதாரங்கள்.

நம்பிக்கை இப்படி இருந்தால் சும்மா இருக்கவும் முடியாது. வெள்ளம் வருது என்று தெரிந்தவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாமல் இருக்க மாட்டான் இல்லையா? அவர்கள் பார்வையில் அது அக்கறை. கதவைத் திறக்கிறவருக்கு அது அவமதிப்பாகப் படலாம். ரயிலில் நடப்பதும் இதுதான்.

உடைந்த பொம்மைகளும் ஒரு பண்டாரத்தின் பதிலும்

வந்த புதிதில் சீகன்பால்கு செய்த ஒரு காரியம் இன்றைக்குப் படித்தாலும் முகம் சுளிக்க வைக்கும். தரங்கம்பாடிக்கு அருகே ஓர் அம்மன் கோயிலில் இருந்த உருவங்களில் சிலவற்றைக் கீழே தள்ளினார், சிலவற்றின் தலையை உடைத்தார். இவற்றுக்குச் சக்தி இல்லை என்று காட்டுவதுதான் நோக்கம். இதை அவரே எழுதியும் வைத்திருக்கிறார்.

அங்கே வந்த பண்டாரம் ஒருவர் கொடுத்த விளக்கத்தையும் அவர் மறைக்கவில்லை. இவை கடவுள் அல்ல, கடவுளின் காவல் வீரர்கள். சாதாரண ஜனங்கள் கடவுளை நினைத்துக்கொள்ள வைக்கப்பட்டவை என்பது அந்த விளக்கத்தின் சாரம். தான் உடைத்தது எது, அந்த மக்கள் கும்பிடுவது எது என்பதே தனக்குச் சரியாகத் தெரியாது என்று சீகன்பால்குவுக்கு உறைத்திருக்க வேண்டும். அதன் பிறகு அவர் படித்த படிப்பைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

திண்ணைப் பள்ளிக் குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அழகப்பன் என்ற பன்மொழி தெரிந்த துபாஷி உதவினார். ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்கினார், கிடைக்காததைப் படி எடுக்க ஆள் வைத்தார். 1708-லேயே தன்னிடம் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்போடு ஒரு பட்டியல் தயாரித்துவிட்டார். வந்து இரண்டே வருஷம்! நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். சிவவாக்கியரைத் தேடித்தேடிப் படித்தார். உருவ வழிபாட்டைச் சாடும் அந்தச் சித்தர் பாடல்கள் அவருக்கு ஏன் பிடித்தன என்று சொல்லவே வேண்டாம்.

ஒரே பரம்பொருள் உண்டு என்பது தமிழர்களுக்குத் தெரியும், அவர்களின் நீதி நூல்கள் உயர்ந்தவை என்று ஐரோப்பாவுக்கு எழுதினார். இவர்கள் நாகரிகம் இல்லாதவர்கள் என்ற தன் பழைய எண்ணம் தவறு என்றும் ஒப்புக்கொண்டார்.

அப்படின்னா மனம் மாறிவிட்டாரா? இல்லை. இயல்பான அறிவால் கடவுள் ஒருவர் இருப்பதைத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் மீட்பு கிறிஸ்துவிடம் மட்டுமே என்பதில் கடைசி வரை உறுதியாக நின்றார். 1713-ல் அவர் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதி முடித்தார். அதே 1713-ல் தரங்கம்பாடி அச்சகத்தில் ‘அக்கியானம்’ என்ற தலைப்பில், இங்குள்ள வழிபாட்டை அறியாமை என்று சாடும் துண்டுநூலையும் அச்சிட்டார். ரெண்டும் ஒரே கைதான் எழுதியது.

தமிழர்கள் எழுதிய பதில் கடிதங்கள்

சீகன்பால்கு செய்ததிலேயே அபூர்வமான வேலை இதுதான் என்று சொல்லலாம். 1712 முதல் 1714 வரை, உங்கள் மதம் என்ன சொல்கிறது, கிறிஸ்தவத்தை ஏன் ஏற்க மறுக்கிறீர்கள் என்றெல்லாம் தமிழர்களிடம் கேள்வி அனுப்பினார். ஏறத்தாழ நூறு பதில் கடிதங்கள் வந்தன. அவற்றை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து அனுப்ப, ஹாலேயில் அச்சிட்டார்கள்.

அந்தப் பதில்களில் பணிவு இருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. உங்கள் வேதம் நல்லதாகவே இருக்கலாம், ஆனால் உங்கள் ஆட்கள் நடந்துகொள்வதைப் பார்த்தால் அதில் சேரத் தோன்றவில்லை என்ற ரீதியில் சிலர் எழுதினார்கள். குடி, மாட்டிறைச்சி, சுத்தமின்மை எல்லாம் பட்டியலில் வந்தன. ஒவ்வொரு நாட்டு மக்களுக்கும் கடவுள் ஒவ்வொரு வழியைக் கொடுத்திருக்கிறார், அதில் ஒழுங்காக நடப்பவர்கள் கரை சேருவார்கள் என்பது இன்னொரு வாதம். ரயிலில் எல்லா சாமியும் ஒண்ணு என்று சொல்பவரின் வாதம்தான், 300 வருஷத்துக்கு முன்பு.

விலை கொடுத்தவர்கள்

இது வெறும் வாதமாக மட்டும் இருக்கவில்லை. 1707 மே 12 அன்று முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் ஐரோப்பிய எஜமானர்களிடம் அடிமைகளாக இருந்தவர்கள். இரண்டு வருஷம் கழித்து கணபதி வாத்தியார் என்ற தமிழ்ப் புலவர் ஞானஸ்நானம் பெற்றபோது அவர் குடும்பமே எதிர்த்து நின்றது. மதம் மாறியவருக்குச் சாதி போகும், சொந்தம் போகும், பிழைப்பும் போகலாம். ஒரே வழி என்று சொல்பவர் கேட்கும் விலை சின்னதில்லை.

சீகன்பால்குவும் அடிபட்டார். ஓர் ஏழை விதவையின் கடன் தகராறில் அவள் பக்கம் நின்று ஆளுநரோடு மோதினார். 1708 நவம்பரில் அவரை டேன்ஸ்போர்க் கோட்டையில் அடைத்தார்கள். நாலு மாதம் சிறை. அதே கோட்டை இன்று சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் இடம்.

வெளியே வந்து புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-ல் முடித்தார். 1715-ல் முழுசாக அச்சாகி வந்தது. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் இது இல்லை, அது 1578-லேயே கொல்லத்தில் வந்த ‘தம்பிரான் வணக்கம்’. ஆனால் இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு இதுதான்.

அந்த மொழிபெயர்ப்பில் கடவுளுக்கு அவர் வைத்த சொல் சர்வேசுரன். கத்தோலிக்கர்கள் ஏற்கெனவே புழங்கிய சொல், உள்ளே ஈசுவரன் இருக்கிறார். பின்னாடி வந்த பப்ரிசியுஸ் அதைப் பராபரன் ஆக்கினார், 19-ஆம் நூற்றாண்டில் தேவன் ஆனது. தங்கள் கடவுள் வேறு என்று சொல்ல வந்தவர்கள், அந்தக் கடவுளுக்குப் பெயர் வைக்க இங்குள்ள கோயில்களின் சொல்லைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. தென்மாவட்டக் கிராமங்களில் கிறிஸ்தவர்களை வேதக்காரங்க என்று சொல்வதும் இந்த மாதிரி வந்து ஒட்டிய சொல்தான்.

சக கிறிஸ்தவர்களோடே சண்டை

ஒரே மெய்யான மதம் என்றால் எந்தச் சபை? இதற்கும் அடிதடி இருந்தது. சீகன்பால்கு லுத்தரன் பிரிவு. கத்தோலிக்கர்கள் வழி தவறிவிட்டார்கள் என்பது அவர் எண்ணம். மறுபக்கம் நம்ம வீரமாமுனிவர், ‘தேம்பாவணி’ எழுதிய அதே பெஸ்கி, தரங்கம்பாடிக்காரர்களை மறுத்து ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’ என்று எழுதினார். இரண்டு பேரும் தமிழை உயிராகக் கற்றவர்கள். இரண்டு பேருக்குமே மற்றவர் கிறிஸ்தவம் கோணல்.

கத்தோலிக்கத் திருச்சபை ரொம்ப காலம் கழித்து, 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், பிற மதங்களில் உள்ள உண்மையானதையும் புனிதமானதையும் தான் ஒதுக்குவதில்லை என்று அறிவித்தது. மீட்பு கிறிஸ்து வழியாகவே என்ற கொள்கையை அது கைவிடவில்லை. ஆனால் கிறிஸ்துவை அறியாதவர்களுக்கும் கடவுளின் அருள் எட்டும் என்கிறது. புராட்டஸ்டன்ட் சபைகளிலும் இந்த மாதிரி யோசிப்பவர்கள் உண்டு, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. அதனால்தான் தலைப்பிலேயே சில கிறிஸ்தவர்கள்.

36 வயதில் முடிந்த வாழ்க்கை

1714-ல் ஐரோப்பா போனவர் அங்கே மரியா டோரத்தியாவை மணந்து 1716-ல் திரும்பினார். தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி 1718-ல் திறந்தார். ஆனால் கோபன்ஹேகனில் இருந்த மிஷன் செயலாளர் வென்ட், ஆலயமும் பள்ளிக்கூடமும் கட்டுவது எதற்கு, கையில் எதுவும் இல்லாமல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தால் போதாதா என்று கடுமையாகக் கடிதம் எழுதினார். ஏற்கெனவே நோயில் இருந்த சீகன்பால்குவை அது நொறுக்கிவிட்டது. 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். தான் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே புதைக்கப்பட்டார்.

தெய்வங்களைப் பற்றி அவர் எழுதிய அந்த 1713-ஆம் ஆண்டு நூல் என்ன ஆனது? அச்சிடச் சொல்லி ஹாலேவுக்கு அனுப்பியிருந்தார். குரு பிராங்கே மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்பது அவர் காரணம். கையெழுத்துப் படி 150 வருஷத்துக்கு மேல் கிடந்தது. கடைசியில் 1867-ல் வில்ஹெல்ம் கெர்மான் என்ற ஜெர்மானியர் அதை அச்சிட்டார். ஜெர்மனியில் இல்லை, சென்னையில்.