நம்பர் போட்ட மண் துண்டுகள்... பளபளப்பை ஓரங்கட்டிய குயவர்! யார் இந்த ஜோசயா வெட்ஜ்வுட்?

கார் டேஷ்போர்டு, செல்போன் கவர் என எதைத் தொட்டாலும் ஒரு சொரசொரப்போ வழவழப்போ கைக்குத் தெரியும். இதைத்தான் டெக்ஸ்சர் என்கிறார்கள். சின்ன மாதிரித் துண்டில் அதைப் போட்டுப் பார்த்து, சரியாக வந்த பிறகே உற்பத்தி தொடங்கும். சுமார் 250 ஆண்டுகளுக்கு முன்பே இதை விடாப்பிடியாகச் செய்தவர் இங்கிலாந்துக் குயவர் ஜோசயா வெட்ஜ்வுட்.

சக்கரம் மிதிக்க முடியாத குயவர்

1730-ல் ஸ்டாஃபோர்ட்ஷயரின் பர்ஸ்லெம் ஊரில், பரம்பரைக் குயவர் குடும்பத்தில் பிறந்தார். 9 வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். சிறு வயதில் வந்த பெரியம்மையால் வலது முழங்கால் பலவீனமானது. சக்கரத்தைக் காலால் மிதித்துச் சுழற்ற முடியவில்லை.

குயவருக்குச் சக்கரமே இல்லைன்னா எப்படி? அவர் கவனம் மண் கலவை, மெருகுப் பூச்சு, சூளைச் சூடு பக்கம் திரும்பியது. 1768-ல் அந்தக் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. மயக்க மருந்து இல்லாத காலம் அது. ஆனாலும் அடுத்த ஆண்டே எட்ருரியா என்ற புதிய தொழிற்சாலையைத் திறந்தார்.

அப்படி என்ன செய்தார்?

பளபளக்கும் வெண்ணெய் நிறப் பாத்திரங்களால் ஏற்கெனவே அவருக்கு நல்ல பெயர். 1765-ல் ராணி சார்லட்டே ஆர்டர் கொடுத்திருந்தார். ஆனால் மெருகுப் பூச்சில் ஒரு சிக்கல்: நுணுக்கமான புடைப்பு வேலைகளின் மேல் படிந்து, அவற்றை மழுங்கடித்துவிடும். பூச்சே இல்லாமல், மண்ணே அழகாக இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

உலோகம், தந்தம் கடைய உதவிய ஒருவகை லேத்தை 1760-களில் மண்பாண்டத்துக்குக் கொண்டுவந்தார். பாதி காய்ந்த மண்ணில் அது வரிவரியாகவும் கட்டம் கட்டமாகவும் கோலம் செதுக்கியது.

அடுத்தது ஜாஸ்பர். நீல நிற மண்மீது அச்சில் எடுத்த வெள்ளை உருவங்களை ஒட்டி, பூச்சு இல்லாமல் சுடுவது. சொல்ல ஈஸி, செய்வதுதான் கஷ்டம். சூளையில் இரண்டு மண்ணும் ஒரே அளவு சுருங்க வேண்டும். இல்லாவிட்டால் உருவம் பெயரும், விரிசல் விடும், கொப்புளம் கிளம்பும்.

அதற்காக ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைச் சுட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரு நம்பர். அந்த நம்பருக்கான கலவை நோட்டில் இருக்கும். சூளையில் எந்த இடத்தில் வைத்துச் சுட்டது என்பதைக்கூட சில துண்டுகளில் குறித்து வைத்தார். 1770-களின் நடுவில்தான் ஜாஸ்பர் கைகூடியது.

சூட்டை அளந்தது எப்படி?

அவ்வளவு சூட்டை அளக்க அப்போது சரியான கருவி இல்லை. சூடு ஏற ஏறக் களிமண் சுருங்கும் அல்லவா? அந்தச் சுருக்கத்தை வைத்தே ஒரு அளவுகோல் செய்தார். 1783-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

பிறகு பெரிய சவால் ஒன்றை எடுத்தார். போர்ட்லாந்து ஜாடி என்ற பழைய ரோமானியக் கண்ணாடி ஜாடியை, 1786-ல் இரவல் வாங்கி ஜாஸ்பரில் நகலெடுக்க முயன்றார். கொப்புளம், விரிசல் எனத் தோல்விமேல் தோல்வி. நல்ல நகல் கிடைக்க 1789 ஆகிவிட்டது.

கையடக்க வில்லையில் ஒரு போராட்டம்

இதற்கிடையே, 1787-ல் அதே ஜாஸ்பரில் சிறு வில்லைகளை வெளியிட்டார். வெள்ளைப் பரப்பில், சங்கிலியோடு மண்டியிட்ட கறுப்பின அடிமையின் கறுப்புப் புடைப்புருவம். அடிமை வணிகத்தை எதிர்ப்பவர்களுக்கு அவற்றை இலவசமாகக் கொடுத்தார். பலர் அதை நகையாக அணிந்தனர். பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கும் அனுப்பிவைத்தார்.

1795 ஜனவரி 3-ல் இறந்தார் வெட்ஜ்வுட். பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்தது 1807-ல். அதைப் பார்க்க அவர் இல்லை. பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வின், இவருடைய மகள் வயிற்றுப் பேரன். நம்பர் போட்ட அந்த மண் துண்டுகளை இங்கிலாந்தில் உள்ள வெட்ஜ்வுட் அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.