குமரப்பாவின் கணக்கு

ஸ்ரீ ஜே. சி. குமரப்பாவைக் கதர் கட்டிய பிடிவாதக்காரர் என்ற அளவிலேயே நம்மவரில் பலர் அறிவர். அவர் முதலில் ஒரு கணக்குப் பரிசோதகர் என்பதை மறந்தால் அவரது ஜீவியம் நமக்கு விளங்காது.

1892-ஆம் வருஷம் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் தொழில் கற்று, பம்பாயில் அதை நடத்தியவர். பின்னர் அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையில் சர்க்கார் வரவு செலவு சாஸ்திரத்தைப் பயின்றபோதுதான், நமது தரித்திரத்துக்கும் அந்நிய ஆட்சியின் வரிகளுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டார். 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தார். அத்துடன் ஐரோப்பிய உடையும் பம்பாய் வருவாயும் போயின.

1934-இல் பீகார் பூகம்ப நிவாரண நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. அங்கு வந்த காந்தியடிகளின் பரிவாரச் செலவை அந்நிதியிலிருந்து கொடுக்க அவர் இசையவில்லை! அவ்வருஷ இறுதியில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தோன்றியபோது, காரியதரிசிப் பதவி அவருக்கே கிடைத்தது.

வார்தாவில் சங்கத்தார் மண்ணெண்ணெய் விளக்கை நீக்கித் தாவர எண்ணெயில் எரியும் 'மகன் தீபம்' என்னும் விளக்கைச் செய்தனர். எரிந்த மண்ணெண்ணெய் திரும்பி வாராது. எண்ணெய் வித்தோ மறுபடியும் விளையும். கரும்பு நல்ல நிலத்தையும் நீரையும் கேட்கும். பனை தரிசில் தானே நிற்கும். ஆகவே பனைவெல்லம் வேண்டும் என்றார். 1942 இயக்கத்தில் சிறைப்பட்டவர் அங்கே எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் 1945-இல் வெளிவந்தது. நிலக்கரி, பெட்ரோல் முதலியவை தேங்கிய செல்வம். எடுக்க எடுக்கக் குறையும், குறையக் குறைய அவற்றுக்காகத் தேசங்கள் போரிடும். காடும் பயிரும் ஓடும் ஆறு போன்றவை. அளவறிந்து எடுத்தால் வற்றா. முதலைத் தின்றுவிட்டு லாபம் என்றெழுதும் வியாபாரியின் ஏட்டில் எந்தப் பரிசோதகர் ஒப்பமிடுவார்? தேசத்தின் ஏட்டையும் அவர் அக்கண்ணாலேயே பார்த்தார் என்பது நமது துணிபு.

அவர் கூறிய யாவும் நமக்கு உடன்பாடல்ல. கைக்குத்தலரிசி கொண்டு பெரும் பட்டணங்களின் பசியைத் தீர்க்கலாம் என்பது ஐயத்துக்கிடமானது. எனினும், இங்கிலீஷ் படித்த நமது வர்க்கத்தார் அவரைக் கட்டைவண்டிக் காலத்தவர் என்று நகைத்ததற்கு நாம் வெட்கப்படவே வேண்டும். 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற 17 இலட்சியங்களுள் 12-ஆவது, பொருளைப் பொறுப்புடன் ஆக்கி நுகர்வதைப் பற்றியதே.

சுதந்திர இந்தியாவின் திட்டங்கள் பேராலைகளின் பக்கம் சென்றன. அவரோ மதுரை ஜில்லா கல்லுப்பட்டி ஆசிரமத்தில் கடைசி வருஷங்களைக் கழித்து, 1960 ஜனவரி 30-இல், காந்தியடிகள் மறைந்த அதே தேதியில், மதுரையில் காலமானார்.