தஞ்சாவூர் சந்துகளில் நடந்த ஸ்காட்லாந்துக்காரர்: யார் இந்த பேட்ரிக் கெடிஸ்?

மனை வாங்கப் போகிறவர்கள் இப்போது முதலில் கேட்பது, டிடிசிபி அப்ரூவலா என்பதைத்தான். அடுத்து கேட்க வேண்டிய கேள்வியை நிறைய பேர் கேட்பதில்லை. மாஸ்டர் பிளானில் அந்த இடம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது? குடியிருப்பா, வணிகமா, விவசாயமா? உத்தேசச் சாலை என்று ஒரு கோடு அந்த மனை மேல ஓடுதா? இதைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வீடு கட்ட அனுமதி கேட்கப் போகும்போது மாட்டிக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

சரி, அந்தக் கோட்டை யார் போடுகிறார்கள்? போடுவதற்கு முன்னால் அந்தத் தெருவுக்கு யாராவது வந்து பார்த்தார்களா?

100 ஆண்டுகளுக்கு முன்பே தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர் என்று சுற்றி இதே கேள்வியை எழுப்பிய ஒருவர் இருக்கிறார். அவர் இன்ஜினீயர் இல்லை, ஆர்க்கிடெக்ட்டும் இல்லை. கையில் ஒரு டிகிரிகூட கிடையாது. ஆனால் நவீன நகரத் திட்டமிடலின் முன்னோடிகளில் ஒருவர் என்று உலகம் இன்று அவரைக் கொண்டாடுகிறது. பெயர், பேட்ரிக் கெடிஸ்.

பார்வை போன உயிரியலாளர்

1854-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் தேதி ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில் பிறந்தார் கெடிஸ். அப்பா ராணுவத்தில் இருந்தவர். பெர்த் என்ற சிறு நகரத்தில், தோட்டமும் மலையும் சூழ வளர்ந்த பையனுக்குச் செடி கொடிகள் மேல் பெரிய ஆர்வம். லண்டனுக்குப் போய், டார்வினின் நண்பரான தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். பட்டம் வாங்கும் அளவுக்குத் தேர்வுகள் மேல் அவருக்கு அக்கறை இருந்ததில்லை.

1879-ல் ஆய்வுக்காக மெக்சிகோ போன இடத்தில் கண் பார்வை போனது. வாரக்கணக்கில் இருட்டறையில் இருக்க வேண்டிய நிலை. பார்வை பிறகு திரும்பினாலும், மைக்ராஸ்கோப்பை நம்பி வாழும் வாழ்க்கை அதோடு கிட்டத்தட்ட முடிந்தது. இருட்டறையில் இருந்தபோது ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களைக் கையால் தடவி, அந்தக் கட்டங்களில் யோசனைகளை அடுக்கிப் பழகினார். தாளைக் கட்டம் கட்டமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விஷயத்தை எழுதி, ஒன்றுக்கொன்று என்ன தொடர்பு என்று பார்க்கும் பழக்கம் கடைசி வரை அவரைவிட்டுப் போகவில்லை.

ஓர் உயிரைப் புரிந்துகொள்ள அது வாழும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்பது உயிரியலில் அவர் கற்றது. அதே பார்வையை அவர் மனிதர்கள் வாழும் ஊர்கள் மேல் திருப்பினார்.

குப்பத்துக்குக் குடிபோன தம்பதி

1886-ல் ஆனா மார்ட்டனைத் திருமணம் செய்துகொண்டார் கெடிஸ். ஆனா, லிவர்பூல் வணிகர் ஒருவரின் மகள், இசை படித்தவர். பேராசிரியர் குடும்பம் என்றால் எடின்பரோவின் வசதியான புதுநகர்ப் பகுதியில் வீடு பார்ப்பதுதான் வழக்கம். இவர்கள் போனது பழைய நகரில் இருந்த ஜேம்ஸ் கோர்ட் என்ற நெரிசலான குடியிருப்புக்கு. அழுக்கும் இருட்டும் நிறைந்த அடுக்குவீடுகள். அந்தப் பகுதியை இடித்துத் தள்ள வேண்டும் என்பதே அன்றைய பொதுவான பேச்சு.

கெடிஸ் தம்பதி தங்கள் வீட்டைச் சுத்தம் செய்து வெள்ளையடித்தார்கள். ஜன்னல்களில் பூச்செடி வைத்தார்கள். அக்கம்பக்கத்தினரையும் சேர்த்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டினார்கள். தாங்கவே முடியாத நிலையில் இருந்த சில கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடைவெளியில் வெளிச்சமும் காற்றும் வரவைத்தார்கள். சின்னச் சின்னத் தோட்டங்கள் முளைத்தன. மற்ற வீடுகள் நின்றன, குடியிருந்தவர்களும் அங்கேயே இருந்தார்கள்.

பின்னாளில் தமிழ்நாட்டிலும் அவர் சொன்னது இதே முறையைத்தான்.

1888-ல் டண்டீ பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 3 மாதம் மட்டும் பாடம் நடத்தினால் போதும். மீதி நேரமெல்லாம் ஊர்களுக்காகத்தான். 1892-ல் எடின்பரோ கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கோபுரக் கட்டடத்தை எடுத்து, அவுட்லுக் டவர் என்ற அருங்காட்சியகமாக மாற்றினார். முதலில் உச்சிக்குப் போய் மொத்த நகரத்தையும் பார்க்க வேண்டும். பிறகு மாடி மாடியாக இறங்க இறங்க எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா, உலகம் என்று பார்வை விரிந்துகொண்டே போகும். எங்கு தொடங்கினாலும் சொந்த ஊரிலிருந்து தொடங்கு என்பதே அந்தக் கட்டடம் சொல்லும் பாடம்.

எம்டனுக்குப் பலியான வரைபடங்கள்

அடங்காத ஆளை 'எம்டன்' என்று இன்றும் சொல்கிறோமே, அந்த ஜெர்மன் போர்க்கப்பலுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு.

உலக நகரங்களின் படங்கள், வரைபடங்கள், மாதிரிகளைச் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சியை கெடிஸ் நடத்தி வந்தார். அதைச் சென்னைக்குக் கொண்டுவரும்படி அழைத்தவர் மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு. 1914-ல் மகன் அலஸ்டேருடன் கெடிஸ் கிளம்பினார். கண்காட்சிப் பொருட்கள் கிளான் கிராண்ட் என்ற இன்னொரு கப்பலில் வந்தன.

முதல் உலகப் போர் தொடங்கியிருந்த நேரம். செப்டம்பர் 22-ம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மேல் குண்டு வீசிய எம்டன், அக்டோபரில் கிளான் கிராண்ட்டை மூழ்கடித்தது. பல ஆண்டு உழைப்பு கடலுக்கு அடியில் போனது. கெடிஸ் திரும்பிப் போகவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாக மாற்றுப் படங்களைச் சேர்த்து அனுப்ப, 1915-ல் சென்னையில் கண்காட்சி நடந்தது. அதே ஆண்டில்தான் அவருடைய முக்கியமான புத்தகமான 'சிட்டீஸ் இன் எவல்யூஷன்' வெளியானது.

தஞ்சாவூரில் என்ன நடந்தது?

கண்காட்சியோடு வேலை முடியவில்லை. மாகாண அரசு அவரை ஊர் ஊராக அனுப்பி அறிக்கை கேட்டது. தஞ்சாவூர், மதுரை, கோயம்புத்தூர், பெல்லாரி, இன்றைய விஜயவாடாவான பெஜவாடா ஆகிய ஊர்களைப் பற்றியெல்லாம் எழுதினார்.

அன்றைய நகராட்சிகளின் ஃபார்முலா எளிமையானது. ஊர் நெரிசலாக இருக்கு, நோய் பரவுது, அதனால் நடுவில் அகலமாக, நேராக ஒரு ரோடு போடணும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. அந்தக் கோட்டில் எத்தனை வீடு, கிணறு, மரம், சின்னக் கோயில் இருக்கிறது என்று கோடு போட்டவருக்குத் தெரியாது.

தஞ்சாவூர் கோட்டைப் பகுதிக்கும் இப்படி ஒரு திட்டம் இருந்தது. கெடிஸ் சந்து சந்தாக நடந்தார். எந்த வீடு உறுதியாக இருக்கிறது, எது இடிந்து கிடக்கிறது, எங்கே காலி மனை இருக்கிறது, மக்கள் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டார். பிறகு அவர் வந்த முடிவு: புது நேர்கோட்டுச் சாலைகள் தேவையே இல்லை. இருக்கும் சந்துகளைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, காலி மனைகளைச் சேர்த்துத் திறந்தவெளி ஆக்கினால் எல்லா வீட்டுக்கும் காற்று வரும். செலவும் ரொம்பக் குறையும்.

இதற்கு அவர் மருத்துவத்திலிருந்து ஒரு பெயர் எடுத்தார்: கன்சர்வேட்டிவ் சர்ஜரி. காலில் புண் என்றால் புண்ணுக்கு வைத்தியம் பார்ப்பது. காலையே வெட்டி எடுக்காமல் இருப்பது. முதலில் நோய் என்னவென்று கண்டுபிடி, அப்புறம் கத்தியை எடு.

வீட்டை இழப்பவர்கள் எங்கே போவார்கள் என்பதையும் அவர் கணக்கில் எடுத்தார். ஒரு தெருவை இடித்தால் அங்கிருந்த ஏழைகள் பக்கத்துத் தெருவில் போய் அடைவார்கள். அப்போது நெரிசல் தீராது, இடம்தான் மாறும். நகராட்சித் திட்டங்களில் காணாமல்போன கணக்கு இது.

குளங்களை மூடுவதையும் எதிர்த்தார். மலேரியாவுக்குப் பயந்து குளத்தைத் தூர்த்துவிடலாம் என்பது அன்றைய சுகாதார அதிகாரிகளின் வழி. மீனும் வாத்தும் விட்டால் கொசுப்புழுவை அவை பார்த்துக்கொள்ளும், ஊரைக் குளிர்ச்சியாக வைக்கும் தண்ணீரை ஏன் இழக்க வேண்டும் என்பது கெடிஸின் வாதம். கோயில் நகரங்களின் தேரோடும் வீதிகள் அவரை ரொம்பவே கவர்ந்தன. ஆண்டுதோறும் தேர் வர வேண்டும் என்பதால் அந்த வீதிகள் அகலம் குறையாமல் இருந்தன. சட்டம் போட்டு ஐரோப்பா செய்ய முயன்றதை இங்கே ஒரு திருவிழா செய்துகொண்டிருந்தது.

இந்தூரின் ஒரு நாள் மகாராஜா

கெடிஸ் வாழ்க்கையில் அதிகம் சொல்லப்படும் சம்பவம் இந்தூரில் நடந்தது. பிளேக் அந்த ஊரை வாட்டிய காலம். வரைபடத்தோடு தெருத்தெருவாக அலையும் இந்த வெள்ளைக்காரக் கிழவரைக் கண்டாலே மக்கள் வீட்டுக்குள் போய்விடுவார்களாம். வீட்டை இடிக்க வந்தவர், பிளேக்கைக் கொண்டுவந்தவர் என்று அவரைப் பற்றிப் பேச்சு.

கெடிஸ் அரண்மனைக்குப் போய், தன்னை ஒரு நாளைக்கு மகாராஜா ஆக்கும்படி கேட்டார். அனுமதியும் கிடைத்தது. அந்த ஆண்டு தீபாவளி ஊர்வலம் வழக்கமான பாதையில் போகாது, எந்தத் தெருவில் அதிக வீடுகள் சுத்தமாகிப் பழுது பார்க்கப்பட்டிருக்கிறதோ அந்த வழியாகத்தான் போகும் என்று அறிவிப்பு வந்தது. ஊரே விளக்குமாற்றைக் கையில் எடுத்தது. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியேறியது.

ஊர்வலத்தில் யானை, ஒட்டகங்களோடு பிளேக் பரப்பும் பிரம்மாண்ட எலி பொம்மையும் வந்தது. துப்புரவுத் தொழிலாளர்கள் புத்தாடை உடுத்தி மரியாதையோடு நடந்தார்கள். முடிவில் எலியையும் அழுக்கு அரக்கனையும் வாணவேடிக்கையோடு கொளுத்தினார்கள். வீடுகளுக்குத் துளசிக் கன்றுகள் கொடுக்கப்பட்டன. இந்தூருக்காக அவர் எழுதிய 2 தொகுதி அறிக்கை 1918-ல் வெளியானது.

ஒரே ஆண்டில் இரண்டு இழப்புகள்

இந்த வேலைகளுக்கு நடுவே, 1917-ல் குடும்பத்தில் இடி விழுந்தது. கண்காட்சிக்காகத் தந்தையோடு இந்தியா வந்த மகன் அலஸ்டேர், பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். அப்போது ஆனா இந்தியாவில் கடும் காய்ச்சலில் படுத்திருந்தார். மகன் இறந்த செய்தியை கெடிஸ் அவரிடம் சொல்லவில்லை. அது தெரியாமலே ஆனாவும் சில வாரங்களில் இறந்துபோனார். ஜேம்ஸ் கோர்ட்டில் கூடவே நின்று வெள்ளையடித்த துணை அவர்.

கெடிஸ் வேலையை நிறுத்தவில்லை. 1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியர் ஆனார். விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தாகூருடன் நட்பு பாராட்டினார். 1925-ல் டெல் அவிவ் நகரத்துக்கான திட்டத்தைத் தயாரித்தார். பிரான்ஸின் மான்ட்பெல்லியேயில் ஒரு கல்லூரி அமைத்துக் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். முன்பு ஒருமுறை மறுத்த சர் பட்டத்தை 1932-ல் ஏற்றுக்கொண்டார். அதே ஆண்டு ஏப்ரல் 17-ம் தேதி, 77 வயதில் காலமானார்.

அவர் மேல் விமர்சனங்களும் உண்டு. அறிக்கைகள் நீளம், பேச்சு அதைவிட நீளம். பல யோசனைகள் தாளோடு நின்றுவிட்டன. மக்களைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்றவர், தன் திட்டங்களை நிறைவேற்ற நம்பியதோ ஆளுநர்களையும் மகாராஜாக்களையும். இந்தூரிலும் ஒரு நாள் மகாராஜாவாக ஆன பிறகுதானே காரியம் நடந்தது!

இன்று நமக்கு என்ன?

1920-ல் சென்னை நகரத் திட்டச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் இன்று நடைமுறையில் இருக்கும் 1971-ம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். மாஸ்டர் பிளான், விரிவான வளர்ச்சித் திட்டம், நில வகைப்பாடு எல்லாம் இதன் கீழ் வருபவை. உங்க வீட்டு முன்னறையில் கடை வைக்கலாமா, வயலை மனையாக மாற்றலாமா என்பதை முடிவு செய்வது இந்தத் திட்டங்கள்தான். சாலைக்கு என்று கோடு போட்டு, ஆண்டுக்கணக்கில் நிலத்தை எடுக்காமலும் விடாமலும் வைத்திருந்து, கடைசியில் உரிமையாளர் நீதிமன்றம் போன வழக்குகளும் உண்டு.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. வரைவுத் திட்டத்தை வெளியிட்டு, ஆட்சேபனைகளையும் ஆலோசனைகளையும் கேட்ட பிறகே அதை இறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பிரச்சினை என்னவென்றால், அந்த அறிவிப்பு வருவதே பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்தவர்களும் சர்வே எண் பட்டியலைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை உங்க ஊருக்கு வரைவு மாஸ்டர் பிளான் வந்தால், அதில் உங்க சர்வே எண்ணைத் தேடிப் பாருங்கள். தெருக்குளம் குளமாகவே காட்டப்பட்டிருக்கிறதா, உத்தேசச் சாலை யார் வீட்டு மேல் போகிறது என்றும் பாருங்கள். வரைபடத்தோடு ஒரு நடை நடந்துவிட்டு, கண்ணில் பட்ட தவறை அவகாசம் முடிவதற்குள் எழுதிக் கொடுங்கள். தஞ்சாவூர் கோட்டையில் கெடிஸ் செய்த வேலையும் இங்கிருந்துதான் தொடங்கியது.