யார் இந்த லூசி வில்ஸ்? குன்னூர் எலிகளுக்கும் ஸ்டெம் செல் சிகிச்சைக்கும் என்ன சம்பந்தம்?

நாள்பட்ட ரத்தப் புற்றுநோய் முற்றிப்போய் மாத்திரைகளுக்கு அடங்காதபோது, டாக்டர்கள் யோசிக்கும் வழிகளில் ஒன்று ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. தானமாக வந்த செல்கள், நோயாளியின் உடம்பையே அந்நியமாக நினைத்துத் தாக்கலாம். அதைத் தடுக்கத் தரும் மருந்துகளில் ஒன்று மெத்தோட்ரெக்ஸேட். அதன் பூர்வீகத்தைத் தேடிப்போனால் வழியில் குன்னூர் வரும்.

பம்பாயில் என்ன நடந்தது?

லூசி வில்ஸ் 1888-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, லண்டனில் மருத்துவம் படித்து 1920-ல் டாக்டரானார். 1928-ல் பம்பாய் வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். வில்ஸின் சந்தேகம் சாப்பாட்டின் மேல் விழுந்தது.

குன்னூரில் என்ன செய்தார்?

1929-ல் குன்னூர் பாஸ்டியர் நிலையத்துக்கு வந்தார். ராபர்ட் மெக்கரிசன் அங்கே ஊட்டச்சத்து ஆய்வை நடத்திவந்தார். பம்பாய் ஏழைப் பெண்கள் சாப்பிட்டது போலவே எலிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார் வில்ஸ். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. ஆனால், பேன் பரப்பிய கிருமியும் அதில் கலந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

அவர் விடவில்லை. குரங்குகளிடமும் சோதித்தார். ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மார்மைட் என்ற ஈஸ்ட் பசை குரங்குகளையும் தேற்றியது, கர்ப்பிணிகளையும் தேற்றியது. பெண்களுக்குக் கிடைத்த பலனை 1931-ல் வெளியிட்டார். பெயர் தெரியாத அந்தச் சத்து 'வில்ஸ் காரணி' எனப்பட்டது. அதுதான் இன்றைய ஃபோலிக் அமிலம்.

சரி, புற்றுநோய் எங்கே வந்தது?

ஃபோலிக் அமிலம் இல்லாமல் செல்கள் பெருக முடியாது. ரத்தப் புற்றுநோய் செல்களுக்கும் அது வேணும். அப்படியானால் அதைத் தடுத்தால்? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் வழிநடத்திய குழு அந்தத் தடுப்பு மருந்துகளை உருவாக்கியது. அதில் ஒன்றான அமினோப்டெரினைக் கொடுத்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாக அடக்க முடியும் என்று 1948-ல் காட்டினார் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர். அதே குடும்பத்து மருந்துதான் மெத்தோட்ரெக்ஸேட். தாக்கக் கிளம்பும் தானச் செல்களைப் பெருகவிடாமல் பிடித்துவைப்பதும் இதே தந்திரத்தால்தான்.

வில்ஸ் 1964-ல் இறந்தார். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்தே இருக்கிறது. அவர் தேடிப் போனது அதைத்தான்.