மண்டை ஓடுகளை அளந்த ஐராவதி கார்வே

பொந்தியான் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தால், முறை உண்டா இல்லையா என்று பெரியவர்கள் இன்றும் விசாரிப்பார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்ற இந்த முறையை, தமிழரல்லாத ஒரு பெண்மணி ஊர் ஊராகத் திரிந்து ஆராய்ந்திருக்கிறார். அவர் ஐராவதி கார்வே. இந்தியாவின் முதல் பெண் மானிடவியலாளர் என்று போற்றப்படுபவர்.

1905 டிசம்பர் 15-ல் பர்மாவில் பிறந்தார். தந்தைக்கு அங்கே பருத்தி நிறுவனத்தில் வேலை. அந்நாட்டு நதியின் பெயரையே மகளுக்கும் வைத்தார்கள். ஏழு வயதில் புனேயில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்ட ஐராவதி, பின்னர் பெர்கூசன் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெண் கல்விக்குப் பாடுபட்ட மகரிஷி கார்வேயின் மகன் தினகரை மணந்தார். மேல்படிப்புக்கு ஜெர்மனி போக வேண்டும் என்றபோது தடை சொன்னவர் அந்த மாமனாரேதான்! பெண்களுக்காகப் பல்கலைக்கழகமே நிறுவியவர் அவர். கணவர் துணை நின்றார். 1928-ல் ஐராவதி கப்பலேறினார்.

பெர்லினில் அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் ஆயுகன் பிஷர். வெள்ளை இனமே உயர்ந்தது என்று நம்பிய பேராசிரியர். பின்னாளில் நாஜிகளோடு சேர்ந்துகொண்டவர். மனித மண்டை ஓட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் சரிசமமாக இருப்பதில்லை. அந்த வேறுபாடு ஐரோப்பியரிடம் அதிகம், அதுவே அவர்களின் அறிவுக்கு அடையாளம் என்பது பிஷரின் எண்ணம். அதை நிரூபிக்கும் வேலை ஐராவதியிடம் வந்தது. அவர் ஐரோப்பியரின் மண்டை ஓடுகளையும் மற்றவர்களின் மண்டை ஓடுகளையும் ஒவ்வொன்றாக அளந்தார். இனத்துக்கும் அந்த வேறுபாட்டுக்கும் தொடர்பே இல்லை என்று கணக்கு காட்டியது. கண்டதைக் கண்டபடியே ஆய்வேட்டில் எழுதினார். பட்டம் கொடுக்க வேண்டியவரின் கருத்துக்கே எதிராக, அதுவும் காலனி நாட்டிலிருந்து வந்த ஒரு மாணவி! அந்தத் துணிச்சல் சாதாரணமானதல்ல.

1939-ல் புனே டெக்கான் கல்லூரியில் சேர்ந்தார். குஜராத்தின் லாங்நாஜில் கற்கால மனிதர்களின் எலும்புகளை ஆராய்ந்த குழுவிலும் இருந்தார். ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு புனே வீதிகளில் போனதைப் பற்றி அந்த ஊரில் இன்றும் பேசுவார்கள்.

1953-ல் வெளிவந்தது இந்திய உறவுமுறைகள் பற்றிய அவரது பெரிய நூல். வடக்கே பெண்ணை முன்பின் தெரியாத குடும்பத்துக்குக் கட்டிக்கொடுப்பது வழக்கம். தெற்கே சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து வாங்குகிறார்கள். நம் சொற்களே அதற்குச் சாட்சி. அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. அம்மாவின் அண்ணனும் மாமா, மாமனாரும் மாமா. தெற்கத்திப் பெண் புகுந்த வீட்டில் அந்நியமாக நிற்பதில்லை என்பதை அவர் கவனித்து எழுதினார். நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால் பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர்கள் இப்போது எச்சரிப்பது வேறு கதை.

சாதி பற்றியும் அவருக்குத் தனிக் கருத்து உண்டு. ஒரே கூட்டம் உடைந்து பல சாதிகள் ஆயின என்பதை அவர் ஏற்கவில்லை. வெவ்வேறு கூட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்தன என்றார். மகாராஷ்டிர பிராமணர்களின் எட்டுப் பிரிவினரை உடலியல் முறையில் ஒப்பிட்டும் பார்த்தார். மனிதர்களை அளக்கும் அந்தப் பழைய பழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை. இன்று படிக்கும்போது அது சற்று நெருடுகிறது.

மகாபாரத மாந்தர்களை மனிதர்களாகவே பார்த்து மராத்தியில் எழுதிய ‘யுகாந்தா’ அவருக்கு 1968-ல் சாகித்ய அகாடமி விருதைப் பெற்றுத் தந்தது. குந்தியும் திரௌபதியும் அதில் கோயில் சிலைகளாக இல்லை, நம் வீட்டுப் பெண்களாக இருக்கிறார்கள்.

நமக்கு நெருக்கமானது அவருடைய கடைசிக் காலப் பணி. கொய்னா அணைக்காக வீடும் நிலமும் இழந்த மக்கள் எங்கே போனார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள் என்று தேடிப் போய் விசாரித்தார். அந்த அறிக்கை 1969-ல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் இங்கே தோட்டத் துண்டாடலில் நம் பாட்டாளிகள் லயங்களைவிட்டு மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள். அதைக் கண்டுதான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

கொய்னா அறிக்கை வந்த மறு ஆண்டு, 1970 ஆகஸ்டு 11-ல், ஐராவதி கார்வே காலமானார். அப்போது அவருக்கு வயது 64.