பயம் என்னும் விக்கிரகம் வீழ்ந்த தீவு

பேராயர் ஜான் ரிச்சர்ட்சன் (1884–1978)



அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரமாகிய போர்ட் பிளேயர், 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என அழைக்கப்படுகிறது. அந்நகரிலும் அதைச் சேர்ந்த பத்துபஸ்தி போன்ற குடியிருப்புகளிலும் பிழைப்பைத் தேடி வந்து குடியேறிய தமிழர்கள் பலர் வாழ்கின்றனர். அங்கிருந்து தெற்கே, ஏறக்குறைய 270 கிலோமீட்டர் கடல்வழியைக் கடந்தால் கார் நிக்கோபார் தீவு. தென்னை மரங்கள் நிறைந்த அச்சிறு தீவில் தேவன் செய்த மகத்தான கிரியைக்கு, ஒரு தமிழ் உபதேசியாரின் ஊழியமே விதையாக இருந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அந்த விதையிலிருந்து முளைத்தெழுந்த ஒரு தேவமனிதரின் வாழ்வையே இம்மாதம் தியானிக்கப்போகிறோம்.

பயத்தில் வாழ்ந்த மக்கள்

1884-ஆம் ஆண்டு கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் இட்ட பெயர் ஹா சேவ் கா. அன்றைய நிக்கோபாரிய மக்கள் அன்பும் விருந்தோம்பலும் உடையவர்கள். துஹெத் எனப்படும் பெரிய கூட்டுக்குடும்பமாக வாழ்ந்து, நிலத்தையும் தென்னையையும் பன்றிகளையும் பொதுவாக அனுபவித்தார்கள். ஆயினும் அவர்களுடைய இருதயங்களை ஒரு பயம் ஆண்டுகொண்டிருந்தது. நோய், புயல், மரணம் ஆகிய அனைத்தும் ஆவிகளின் செயல் என்று நம்பினார்கள். ஆவிகளை விரட்டும் மந்திரவாதியின் சொல்லே வீடுகளில் சட்டமாக இருந்தது. ஒருவன் தீய ஆவியின் வசப்பட்டு மற்றவர்களுக்குக் கேடு செய்கிறான் என்று ஊரார் சந்தேகித்தால், அவனைக் கூடிக் கொன்றுவிடும் கொடிய வழக்கமும் இருந்தது. அதை ஆங்கிலேய அதிகாரிகள் தங்கள் அறிக்கைகளில் பதிவு செய்திருக்கிறார்கள்.

விக்கிரகம் என்றவுடன் கல்லும் மரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் தேவனுக்கு மட்டுமே உரிய பயத்தையும் நம்பிக்கையையும் துதியையும் எது பெற்றுக்கொள்கிறதோ, அதுவே விக்கிரகம். கார் நிக்கோபாரில் அந்த இடத்தில் அமர்ந்திருந்தது பயம்.

விதைத்தவர் ஒரு தமிழர்

1896-ஆம் ஆண்டு, வேதப்பன் சாலொமோன் என்ற தமிழ் உபதேசியார் தம் மனைவியோடு மூஸ் கிராமத்தில் குடியேறினார். எஸ்.பி.ஜி. சங்கத்தின் சார்பில் ஊழியம் செய்த அவர், அரசாங்கத்தின் பிரதிநிதியாகவும் அங்கே பணியாற்றினார். சிறுவர்களைக் கூட்டிப் பள்ளி நடத்தினார். நோயாளிகளுக்கு மருந்து கொடுத்தார். அம்மக்களின் மொழியைக் கற்றார். 1909-ஆம் ஆண்டு அவர் மரித்தபோது விசுவாசிகளின் கூட்டம் மிகச் சிறியதாகவே இருந்தது. மனிதர் பார்வைக்கு அது அற்பமான அறுவடை. ஆனால் அந்தப் பள்ளியில் அமர்ந்திருந்த சிறுவர்களில் ஒருவன் ஹா சேவ் கா. அவனிடம் விளங்கிய ஆர்வத்தைக் கண்ட சாலொமோன், அவனைப் பர்மாவின் மாந்தலே நகரில் இருந்த மிஷன் பள்ளிக்கு அனுப்பிவைத்தார். ஞானஸ்நானத்தில் அவன் ஜான் ரிச்சர்ட்சன் என்னும் பெயரைப் பெற்றான்.

கல்வி முடித்த ரிச்சர்ட்சன் பர்மாவிலேயே தங்கி நல்ல உத்தியோகம் தேடியிருக்கலாம். அவரோ 1912-ஆம் ஆண்டு தம் தீவுக்கே திரும்பி, மூஸ் பள்ளியில் ஆசிரியரும் உபதேசியாருமானார். சிறுவர்களுக்கு எழுத்தோடு கால்பந்து விளையாட்டையும் கற்றுக்கொடுத்தார். தம் மக்களின் பேச்சுமொழிக்கு எழுத்து வடிவம் கொடுத்து, வேதத்தை அதில் மொழிபெயர்க்க உழைத்தார். ஆவிகளைக் குறித்த பயத்தை அவர் கேலிபேசி விரட்ட முற்படவில்லை. அந்த ஆவிகளிலும் பெரியவர் ஒருவர் உண்டு என்பதைத் தாய்மொழியிலேயே அம்மக்கள் வாசிக்கும்படி செய்தார். 1934-ஆம் ஆண்டு குருவாக அபிஷேகம் பெற்றார். இருபது ஆண்டுகளுக்கும் மேலான உழைப்புக்குப் பின்னும் சபை சிறுமந்தையாகவே இருந்தது. ஆயினும் அவர் சோர்ந்துபோகவில்லை.

பட்டயத்தின் நிழலில்

1942-ஆம் ஆண்டு ஜப்பானியப் படைகள் தீவுகளைக் கைப்பற்றின. கட்டாய வேலையும் பசியும் அடியும் மக்களை வாட்டின. போர் முடியும் தறுவாயில், வேவு பார்த்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு நிக்கோபாரியர் பலர் சித்திரவதை செய்யப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். கல்வி கற்ற கிறிஸ்தவர்கள்மீதே சந்தேகம் அதிகமாக விழுந்தது. ரிச்சர்ட்சன் தம் சொந்தக் குடும்பத்திலும் இழப்பின் கசப்பை அனுபவித்தார். அவருக்கும் மரண தண்டனை குறிக்கப்பட்டது. 1945-ஆம் ஆண்டு ஜப்பான் சரணடைந்ததால் அவர் உயிர்தப்பினார்.

ஆவிகளின் பயத்தைக் கீழே தள்ளிய மக்களுக்கு முன்பாக இப்போது மனிதனைக் குறித்த பயம் எழுந்து நின்றது. உயிரைக் காக்க எதையும் விட்டுக்கொடுக்கலாம் என்று அது எல்லாக் காலத்திலும் சொல்லிவருகிறது. தூரா சமபூமியில் நின்ற பொற்சிலையைவிட, அதன் அருகில் எரிந்த அக்கினிச்சூளையே அநேகரைப் பணியவைத்தது அல்லவா? கார் நிக்கோபாரின் சிறுமந்தை அந்தச் சூளையைக் கடந்துவந்தது. போருக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் தீவின் பெரும்பான்மையோர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டனர். ஐம்பது ஆண்டுகள் மெதுவாக நடந்த ஊழியத்தின் பலன், பாடுகளின் நிலத்தில் மிகுதியாய் விளைந்தது.

மேன்மைகளின் சோதனை

இதன்பின் ரிச்சர்ட்சனைத் தேடி மேன்மைகள் வந்தன. 1950-ஆம் ஆண்டு கல்கத்தா திருமண்டலத்தின் உதவிப் பேராயராக அபிஷேகம் பெற்றார். 1952-ஆம் ஆண்டு அமைந்த முதலாவது மக்களவையில் நியமன உறுப்பினராக அமர்ந்தார். 1965-இல் பத்மஸ்ரீ விருதும் 1975-இல் பத்மபூஷண் விருதும் பெற்றார். 1966-ஆம் ஆண்டு அந்தமான் நிக்கோபார் திருமண்டலம் உருவானபோது அதன் முதல் பேராயரானார். மக்கள் அவரைத் தங்கள் தகப்பனாகவே கருதினார்கள். 1978-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கார் நிக்கோபாரின் அரசு மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரியமானவர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று நம்மையே சோதித்தறிவது நல்லது. ஊழியரைக் கனம்பண்ணுவது வேதத்துக்கு இசைந்ததே. ஆனால் கனத்துக்கும் ஆராதனைக்கும் இடையே உள்ள எல்லை மெல்லியது. வனாந்தரத்தில் மோசே செய்த வெண்கல சர்ப்பம் தேவனுடைய கட்டளையின்படி உண்டானது. அதை நோக்கிப் பார்த்தவர்கள் பிழைத்தார்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின் இஸ்ரவேலர் அதற்கே தூபங்காட்டினார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட வேண்டியதாயிற்று. தேவன் கொடுத்த நன்மையே தேவனுடைய இடத்தைப் பிடித்துக்கொண்டது. கிறிஸ்தவ வாழ்வில் விக்கிரகாராதனை பெரும்பாலும் இவ்வழியாகவே நுழைகிறது. பொல்லாதவற்றை நாம் வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்கிறோம். நல்லவைகளோ தடையின்றி உள்ளே வந்து சிங்காசனத்தில் அமர்ந்துவிடுகின்றன.

நம்முடைய மிஷன், நாம் கட்டிய ஆலயம், நமக்குப் பிரியமான பிரசங்கியார், பணித்தளத்திலிருந்து வரும் ஞானஸ்நான எண்ணிக்கை ஆகியவை யாவும் தேவனுடைய ஈவுகள். ஆனால் எண்ணிக்கை குறையும்போது நம் சமாதானமும் குறைகிறதா? ஓர் ஊழியர் இடறும்போது நம் விசுவாசமே ஆட்டங்காணுகிறதா? அப்படியானால் நாம் சாய்ந்திருந்த தூண் எது? லீஸ்திராவில் ஜனங்கள் பலியிட வந்தபோது பவுலும் பர்னபாவும் தங்கள் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு தடுத்தார்கள். துதியை ஏற்றுக்கொண்ட ஏரோதோ புழுபுழுத்து மாண்டான். தேவன் தம்முடைய மகிமையை வேறொருவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

அலைகளுக்குப் பின்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கரையோரக் கிராமங்களை வாரிக்கொண்டு போயிற்று. மூஸ் உள்ளிட்ட ஊர்களில் வீடுகளும் ஆலயங்களும் அழிந்தன. தப்பினவர்களில் பலர் போர்ட் பிளேயரின் நிவாரண முகாம்களில் தஞ்சம் புகுந்தனர். மரத்தையும் சுண்ணாம்பையும் நம்பியிருந்த விசுவாசமானால் அன்றே கடலோடு போயிருக்கும். ஆனால் ஆலயம் இல்லாத இடத்திலும் ஆராதனை தொடர்ந்தது. மீண்டும் சபைகள் கட்டப்பட்டன. சாலொமோன் இல்லை, ரிச்சர்ட்சனும் இல்லை. அவர்கள் அறிவித்த தேவன் மாத்திரம் அங்கே இருந்தார்.

பத்துபஸ்தியில் கூடி ஜெபிக்கும் தமிழ்க் குடும்பமானாலும், தமிழகத்திலும் பிற மாநிலங்களிலும் இருந்து காணிக்கையாலும் ஜெபத்தாலும் பணித்தளங்களைத் தாங்கும் நீங்களானாலும், இம்மாதம் தனித்து அமர்ந்து இருதயத்தை ஆராய்ந்துபாருங்கள். எதை இழந்தால் எல்லாம் போயிற்று என்று நினைப்பீர்களோ, அதைக் கர்த்தருடைய பாதத்தில் வையுங்கள். தீவுகளில் உழைக்கும் மிஷனெரிகளுக்காக ஜெபிக்கும்போது, அவர்கள் பயத்துக்கும் புகழுக்கும் விலகி நிற்கும்படி விசேஷமாக ஜெபியுங்கள்.

கர்த்தருடைய நாமம் ஒன்றே மகிமைப்படுவதாக. ஆமென்.